நம்மை மயக்கிய கசாப்புக்கடைக்காரர்

யார்க்‌ஷையர் கடலோரத்தில் உள்ள ஸ்கார்விக் ஊரின் வாரப் பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதியவர் மிஸ் ஹில்டா தாக்ரே. நடிப்பவர், பார்ப்பவர், எழுதுபவர் எல்லாரும் ஒரே கடையில் ரொட்டி வாங்கும் ஊர் அது. நாடகம் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் மனம் மயங்கியதாகத்தான் எழுதியாக வேண்டும். நல்லவேளை, மயங்குவதற்கு ஆங்கிலத்தில் வினைச்சொல் பஞ்சமில்லை. வசனம் மறந்து அசடு வழிந்தவர் ‘சார்ம்’ செய்தார்; அது வெறும் இனிமை, யாருக்கும் சேதமில்லை. தேவதை வேடமிட்ட குழந்தை ‘என்சான்ட்’ செய்தது, நல்ல மந்திரம். ‘பிவிட்ச்’சில் சூனியக்காரி வாடை அடிக்கும். மேடையேறும் பாதிரியாரின் மனைவிக்கு அதை எழுத ஹில்டாவுக்குக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்வார்.

அந்தக் குளிர்காலம் காதல் இளவரசனாக மேடையேறியவர் கசாப்புக்கடை ஆர்னால்ட் கிளெக். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கடை சாசேஜில் இறைச்சியைவிட ரொட்டித்தூள் அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி. ஹில்டா இப்படி எழுதினார்: “திரு. கிளெக், கடையில் போலவே மேடையிலும் நம்மை பிகைல் செய்தார்.”

கிளெக் அதை வெட்டி, சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேல் மாட்டினார். அதைப் படித்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம், சிரிப்பை மறைக்க, திடீரென்று இருமல் வந்தது. கடைசியில் அவர் மனைவி எட்னாவுக்கே பொறுக்கவில்லை.

“அட மண்டு! பிகைல்னா மயக்கி ஏமாத்துறது. ஊரே சிரிக்குது, நீ ஃப்ரேம் போட்டு வெச்சிருக்கே!”

ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கிளெக் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

“என்னை ஏமாத்துக்காரன்னு எழுதிட்டீங்களே, மிஸ் தாக்ரே?”

“சொக்க வெச்சீங்கன்னும் அர்த்தம் உண்டு, மிஸ்டர் கிளெக். எது பொருந்துதோ எடுத்துக்குங்க.”

“ரெண்டும் வேணாம்! நான் யாரையும் பிகைல் பண்ணலைன்னு மறுப்புப் போடுங்க.”

“நிஜமாவா?”

“கொட்டை எழுத்துல!”

அப்படியே வந்தது: “திரு. கிளெக் பார்வையாளர் எவரையும் எவ்விதத்திலும் மயக்கவில்லை. தவறாகச் சொன்னதற்கு வருந்துகிறோம்.”

அடுத்த நாடகத்தில் அவருக்குப் பிணமாக நடிக்கும் வாய்ப்பு கிடைத்தது. மறுப்பைப் படித்துக் கொதித்த நாடகக் குழு கூடி, ஹில்டா அரங்கத்துக்குள் நுழையவே கூடாது என்று தீர்மானம் போட்டது. நாடகம் நடக்கும் வெள்ளிக்கிழமை மாலை, வீட்டில் கணப்பருகே கால் நீட்டி உட்கார்ந்து, ஹில்டா வருத்தப்பட முயன்றார். வரவில்லை.

அவர் இடத்துக்கு லீட்ஸிலிருந்து ஒரு பட்டதாரி வந்தான். அவனுக்கு மயங்கத் தெரியவில்லை. “நாடகம் மோசம்” என்று முதல் வாரமே எழுதிவிட்டான். மறுநாளே கேக்கோடு ஹில்டா வீட்டு வாசலில் நின்றார்கள் குழுவினர். முன்னால் நின்றவர் கிளெக்.

“நீங்களே வந்துருங்க, மிஸ் தாக்ரே. என்ன வேணா எழுதுங்க, எங்களுக்குப் புரியாத மாதிரி எழுதுங்க.”