கொடிக்குப் போட்ட பச்சைப் பூஞ்சணம்

என் அம்மாவுக்குச் சுத்தம் என்றால் அப்படி ஒரு வெறி. மலாயாவில், ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த கூலி லயத்துக்குப் பின்னால் அவள் வளர்த்த வெற்றிலைக் கொடிக்காலுக்குள் குளிக்காமல் யாரும் கால் வைக்க முடியாது. ஒரு சருகு விழுந்தால் போதும், விளக்குமாறு வந்துவிடும். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் எங்கள் தோட்டத்திலேயே அவ்வளவு பளிச்சென்ற மண் வேறு கிடையாது. அந்த மண்ணில்தான் கொடிகள் தூர் அழுகி, ஒவ்வொன்றாக வாடின.

அக்காவைச் சிலிம் ரிவர் என்ற ஊரிலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். அம்மா அவர்களிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தாள்: "எங்க கொடியில பறிச்ச வெத்தலயிலதான் தாம்பூலம் மாத்துவோம். கொடி பட்டுப்போச்சுன்னா மாரியாத்தாளுக்கு இஷ்டமில்லன்னு விட்டுருவோம்." தை பிறந்ததும் நிச்சயம். அக்காவின் கல்யாணமே அந்த வேர்களை நம்பி நின்றது. அவளும் மழை பெய்த நாளில்கூட வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். பொறுப்பான பெண் என்று அம்மாவுக்குப் பெருமை.

அம்மாவின் தம்பி, என் மாமா, வேர்நோய் கண்ட ரப்பர் மரங்களைத் தோண்டி எடுக்கும் கூட்டத்தில் இருந்தார். சவடால் பேர்வழி. முதலில் துரைமார் வழியில் கொடியைச் சுற்றிப் பள்ளம் வெட்டிச் சுண்ணாம்பு போட்டார். இன்னும் சில கொடிகள் போயின. மனுஷன் அசரவில்லை. ஆற்றோர மூங்கில் புதரிலிருந்து மக்கிய சருகைச் சாக்கில் அள்ளி வந்தார். அதில் பச்சைப் பசேலென்று பூஞ்சணம். அதைத் தவிட்டில் பிசைந்து ஈரச் சாக்கால் மூடிவைக்க, தவிடு முழுக்கப் பச்சை பிடித்தது.

"ஊசிப்போனதக் கொண்டாந்து எங் கொடிக்கால்ல கொட்டுவியா?" என்று அம்மா பாய்ந்தாள்.

"வேரத் திங்கிற வெள்ளப் பூஞ்சணம், இந்தப் பச்ச படந்த கட்டையில தலகாட்டாதுக்கா. தெனம் தோண்டுறவன் சொல்றேன், பாத்துக்கிட்டே இரு."

அம்மா மசியவில்லை. அவள் புடவை எடுக்க ஈப்போவுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, மாமாவும் நானும் மிச்சமிருந்த கொடிகளின் தூரில் தவிட்டை இட்டுச் சருகால் மூடினோம். திரும்பி வந்தவள் விளக்குமாற்றை எடுத்தாள். நான் குறுக்கே மண்ணில் படுத்துக்கொண்டேன், அதுவும் குளிக்காமல். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை கொடிக்காலுக்குள் யாரும் நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டாள். பூசாரியோ தோட்டம் தோட்டமாகத் திருவிழாவுக்குப் போயிருந்தார்; திரும்ப மூன்று வாரமாயிற்று. விளக்குமாறும் போகவில்லை, வாளியும் போகவில்லை. இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், கொடியைப் பிழைக்க வைத்தது பச்சைப் பூஞ்சணமும் என் அழுக்கு முதுகும்தான்.

பூசாரி வந்தபோது எல்லாக் கொடியிலும் இளந்தளிர். மாமா மீசையை முறுக்கிக்கொண்டு லயம் லயமாகக் கதை சொன்னார். நானும் விடவில்லை.

நிச்சயத்தன்று தட்டு நிறைய எங்கள் வெற்றிலை. விருந்தாளிகள் போனதும் அக்கா என்னைப் பைப்படிக்கு இழுத்துப் போனாள். கண்கள் சிவந்திருந்தன.

"அதக் காப்பாத்தச் சொல்லி ஒன்னய யாருடி கேட்டா?"

இவளுக்காக மண்ணில் புரண்டவளுக்கு இதுவா மரியாதை என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிலிம் ரிவருக்கு ரயிலேறும்வரை நான் அவளோடு பேசவே இல்லை.