சாம்பல் உறைக்குள் நீலம்

இசைவாணி டீச்சர் எதற்கும் பயப்படாதவர் என்று பள்ளியில் பேச்சு. அப்படிச் சொல்பவர்கள் அவர் சோபாவுக்குத் தலையணை வாங்குவதைப் பார்த்ததில்லை.

பேரையூர்ப் பக்கத்துப் பெண். ஆனையூரில் ஒரு மாடி வீட்டில் கணவர் சித்தார்த்தோடு வாடகைக்கு இருக்கிறார். இது மூன்றாவது வீடு. முந்தைய இரண்டிலும் இன்ன சாதி என்று தெரிந்த மறுவாரமே, “சொந்தக்காரக குடிவாராக, காலி பண்ணிருங்க” என்றார்கள்.

தலையணைக் கடைக்காரர் சிவக்குமார் அவர் போனில் ஹால் படத்தைப் பார்த்தார். “வெள்ளச் சுவரு, சாம்பல் சோபா. நீலம் போடுங்கக்கா, ஹாலே தூக்கலா இருக்கும்.”

அவர் சொன்னது சரிதான். இசைவாணிக்கும் அந்த நீலத்தின் மேல்தான் கண். ஆனால் இந்தச் சீமையில் நிறத்துக்கும் தெரு உண்டு. நீலம் இசைவாணியின் தெருக் கொடி. மஞ்சளும் சிவப்பும் வேறு தெருவுடையவை. எந்த அலங்காரப் புத்தகத்திலும் இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

மனசு கேட்காமல் நீலத்தில் ஒன்று வாங்கினார். கூடவே சாம்பல் நிற உறையும் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் நீலத்தின் மேலேயே அதை மாட்டினார்.

“தலகாணிக்குக் கூடவா முக்காடு?” என்று சித்தார்த் சிரித்தார்.

“இன்னொரு வாட்டி சாமான் கட்ட என்னால முடியாதுங்க.”

வெள்ளிக்கிழமை, கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா கனகலட்சுமி சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். உட்கார்ந்தவர் அதே தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜிப் ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அந்த அம்மாளின் விரல் ஜிப்பை இழுத்தது.

“அட, உள்ள நீலம்! எம்புட்டு அழகா இருக்கு. இத ஏன் டீச்சர் மூடி வச்சிருக்கீக?”

இசைவாணி அவசரமாகச் சொன்னார். “கடையில மாத்திக் குடுத்துட்டாகக்கா. எங்களுக்கு இந்தக் கலரு பிடிக்காது.”

“பிடிக்காதா? அப்ப நான் கொண்டு போறேன். எங்க சோபாவுக்கு எடுப்பா இருக்கும்.”

இசைவாணி தலையாட்டினார். சாம்பல் உறையைக் கழற்றிவிட்டு, நீலத்தை அவர் கையில் கொடுத்தார்.

வீடு தப்பியது. இப்போது தினமும் காலையில் அவர் படியிறங்கும்போது கீழ் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. தெருவுக்கே தெரிய, நடு ஹாலில் அந்த நீலத் தலையணை. அந்த வீட்டில் இருப்பதால் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. இசைவாணி அந்தப் பக்கம் பார்க்காமல் கேட்டைத் திறக்கிறார்.