அடுப்பெரிக்கக் கொடுத்த பீடம்

அப்பாவின் ஆண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும், மூத்த மகளின் வணக்கம். அப்பா ஒரு வம்புதும்புக்கும் போகாதவர் என்று சென்ற ஆண்டு பலரும் சொல்லி அழுதீர்கள். உண்மைதான். நான் அப்படியல்ல.

அப்பா இந்தக் கரையில் பிறந்து, இந்தக் கடலிலேயே உழைத்தவர். எங்கள் கோயிலின் முருகைக்கல் சுவர்களையும் வளைவு யன்னல்களையும் பார்க்க வெளியூரார் வருவார்கள். அப்பாவுக்கோ பூசை நடக்கும் மரப்பீடம்தான் உயிர். அதன் செதுக்கலில் மீன்பிடித்த அப்போஸ்தலர் இராயப்பர் வலை இழுப்பார். வலைக்குள்ளே சீலா, திருக்கை, நண்டு. மேலே சிறகு விரித்துப் பறக்கும் சம்மனசுகளுக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் முகம். "செதுக்கினவன் கடல் கண்டவன், பிள்ளை" என்பார்.

சண்டையில் இடம்பெயர்ந்து புத்தூரில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, அவர் முதலில் போனது கோயிலுக்குத்தான். கூரை விழுந்து கிடந்தது. எங்களிடம் இருந்த மழைக்குப் போர்த்தும் ஒரே படங்கைக் கொண்டுபோய்ப் பீடத்தின்மேல் கட்டினார். அந்த மாரி முழுவதும் எங்கள் கொட்டில் ஒழுகியது. அம்மா ஏசிக்கொண்டே இருந்தார்.

பின்னர் கோயிலைத் திருத்தப் புறப்பட்ட, கோயில் காரியங்களுக்குத் தலைவரான மூப்பருக்கு, இன்றைக்கும் முன்வரிசையில் இருப்பவருக்கு, பளபளக்கும் மாபிள் பீடம் தேவைப்பட்டது. மறித்து நின்ற அப்பாவிடம், சனம் பார்த்திருக்க, "உது கறையான் அரிச்ச பலகை, அண்ணை. கொண்டுபோய் அடுப்பெரியுங்கோ" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா பலகைகளை வண்டிலில் ஏற்றிவந்தார். அவர் அழுததை அன்றுதான் கண்டேன். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

அப்பா படுக்கையில் விழுந்தபின் மூப்பர் வீடு தேடி வந்தார். பழைய பீடம் எங்கே என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம்.

"அண்ணை, உந்தப் பலகையள் இன்னும் கிடக்கோ?"

"நீர் சொன்னபடி எரிச்சுப்போட்டன், தம்பி."

எனக்குத் தெரிய, அப்பா சொன்ன ஒரே பொய் அதுதான்.

அவரைக் கடைசிவரை பார்த்த வைத்தியர், தாதியர், கஞ்சி காய்ச்சித் தந்த அயல்வீட்டார், துக்க மணி அடித்தவர் அனைவருக்கும் எங்கள் நன்றி. சவப்பெட்டியைத் தன் கையாலேயே செய்த என் தம்பிக்கும் நன்றி. அப்பா கேட்டுக்கொண்டபடி, செதுக்கிய பக்கத்தை உள்ளே வைத்து வெள்ளைத் துணியால் மூடியவன் அவன்.

மூப்பருக்குத் தனி நன்றி. "என்ன இந்தப் பாரம்!" என்று மூச்சு வாங்கிக்கொண்டு சேமக்காலைக் குழி வரை பெட்டிக்குத் தோள் கொடுத்தவர் அவர்தான்.

மூப்பர் அவர்களே, அப்பா எலும்பும் தோலுமாகத்தான் போனார். நீங்கள் தேடிய பீடத்தை நீங்களே சுமந்து வந்து, நீங்களே முதற்பிடி மண்ணும் போட்டீர்கள்.