பன்னிரண்டு கோலங்களும் ஒரு பிரெஞ்சு வார்த்தையும்

பிரெஞ்சு ஒப்பந்தம் ஒன்றை மொழிபெயர்க்க ஒத்துக்கொண்டபோது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமும் மலாக்காவில் ஒரு ஓட்டல் கவுண்டரில் நின்று கற்றதுதான். குடை வேண்டுமா, குழாயில் தண்ணீர் வரவில்லையா என்பதையெல்லாம் வெளுத்து வாங்குவேன். பதிப்புரிமைச் சட்டம் பற்றி எந்த விருந்தாளியும் என்னிடம் கேட்டதில்லை. இருந்தாலும் “எனக்கா தெரியாது?” என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் மலாக்காவை ஒட்டிய புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலை வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு வந்தது. தீபாவளிக்குப் பேரங்காடிகளில் வண்ண அரிசியில் பெரிய கோலம் போடுகிறவள். அவள் சொந்தமாக வரைந்த பன்னிரண்டு கோலங்களைப் புத்தகமாகப் போட ஒரு பிரெஞ்சுப் பதிப்பகம் கேட்டிருந்தது. இடையில் ஓர் ஏஜெண்ட். தமிழில் எழுதித்தர என்னைப் பிடித்தவர் அவர்தான்.

முதல் பக்கத்திலேயே ‘செஸ்ஸியோன்’ என்று ஒரு வார்த்தை. அகராதியை எடுக்கச் சோம்பல். புத்தகம் போட அனுமதிதானே கேட்கிறார்கள் என்று ‘அனுமதி’ என்றே எல்லா இடத்திலும் போட்டு அனுப்பிவிட்டேன்.

கையெழுத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிரெஞ்சு மூலத்தைச் சும்மா புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் ‘லிசான்ஸ்’ என்று இன்னொரு வார்த்தை. அதையும் ‘அனுமதி’ என்றே போட்டிருந்தேன்; உண்மையில் அனுமதி என்றால் அதுதான். அப்படியானால் முதல் வார்த்தை? அப்போதுதான் அகராதி கைக்கு வந்தது. உரிமையையே கைமாற்றிக் கொடுப்பதாம். வாடகைக்கு விடுகிறோம் என்று நினைத்து வீட்டையே எழுதிக் கொடுக்கிற மாதிரி. பக்கத்திலேயே ‘எங்களுக்கு மட்டும்’ என்றும் இருந்தது. கையெழுத்துப் போட்டால் அந்தப் பன்னிரண்டும் அவள் கையைவிட்டுப் போய்விடும்.

தமிழில் அந்த வார்த்தையை மாற்றப்போகிறேன் என்று ஏஜெண்டுக்குப் போன் செய்தேன்.

“இப்ப எதுக்கு சார் மாத்துறீங்க? அனுமதின்னா கேக்க நல்லா இருக்குலா. அந்தம்மா யோசிக்காம சைன் வெச்சிரும்.”

“அதுக்குத்தான் சார் மாத்துறேன்.”

“பிரெஞ்சுல உள்ளதுதான் செல்லும். தமிழு சும்மா படிக்க.”

“அவங்க படிக்கப் போறது அத மட்டும்தானே?”

“இதுக்கப்புறம் எங்கிட்டருந்து வேல வராது, பாத்துக்குங்க.”

“வராட்டி போகட்டும். என் பேரு போட்ட தாள்ல முட்டாள்தனம் இருக்கும், அது என் சொந்தச் சரக்கு. பொய் இருக்காது.”

போனை வைத்த கையோடு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். ஷிப்ட் முடிந்து வந்தவளிடம் காப்பிக்கடையில் என் தப்பைச் சொன்னேன்.

“அப்ப அடுத்த தீபாவளிக்கு இதே கோலத்த நான் மால்ல போடக் கூடாதாண்ணே?”

“அவங்களக் கேட்டுத்தான் போடணும்.”

“நான் போட்ட கோலத்துக்கு நான் கேக்கணுமா? முடியாதுன்னு எழுதுங்க. ஒரு புக்குக்கு மட்டும் அனுமதி. ஒவ்வொரு கோலத்துக்குக் கீழயும் என் பேரு.”

பெயர் விஷயத்தில் அவர்கள் நாட்டுச் சட்டமே அவள் பக்கம் இருந்தது. படைத்தவர் பெயரை யாரும் விலைக்கு வாங்க முடியாதாம். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏஜெண்டைத் தாண்டி நேராகப் பதிப்பகத்துக்கே எழுதினேன். என் பிரெஞ்சைப் பார்த்து அங்கே சிரித்திருப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மூன்று வாரம் கழித்து, அவள் கேட்டபடியே புது ஒப்பந்தம் வந்தது.

அதே காப்பிக்கடையில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“நல்லாத்தான் சண்ட போட்டீங்கண்ணே. ஆனா அடுத்த பேப்பர வேற ஆளுகிட்டதான் குடுப்பேன்.”