தரைப்பாலத்தில் நின்றுபோன மோட்டார் சைக்கிள்

என் மனைவி ஞானம்மாள் படுக்கையில் விழுந்தது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில். முதலில் இடுப்பு வலி என்றுதான் நினைத்தோம். தைலம் தேய்த்தோம். ஒத்தடம் கொடுத்தோம். பிறகு குனிய முடியவில்லை. பிறகு கால் மரத்துப்போயிற்று. முதுகெலும்பில் புண் என்றார்கள்.

எனக்கு அதிகம் பேச வராது. எழுத அதைவிட வராது. போதகர் ஐயா, சபையில் வாசிக்க எழுதிக் கொடு என்றார். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சென்னீர்குப்பத்தில். பூந்தமல்லி தாண்டி, பெங்களூர் ரோட்டில் மேற்கே வெகுதூரம் போனால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரம்மா அவளுக்கு மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு போட்டார்கள். மாதம் ஒருமுறை அழைத்து வரவேண்டும், வழியில் முதுகு அசையக் கூடாது என்றார்கள். காய்ச்சல் கண்டால் அன்றைக்கே வா, உள்ளே சீழ் பிடித்தால் கால் போகும், உயிரும் போகும் என்றார்கள்.

அசையாமல் எப்படிக் கொண்டுபோவது? மாட்டு வண்டியில் போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் பல்லைக் கடித்தாள். பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில் நிற்கவே இடம் இல்லை. படுக்க எங்கே?

என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பட்டாளத்துத் துரை ஒருவருக்கு நான் டிரைவராக இருந்தேன். அவர் சீமைக்குத் திரும்பும்போது அதை எனக்கு விட்டுப்போனார். பந்தய வண்டி. ஹேண்டில் தாழ்ந்து முன்னால் நீண்டிருக்கும். பெட்ரோல் டாங்கியின் மேல் வயிற்றை வைத்துக் கவிழ்ந்துதான் ஓட்ட வேண்டும். சீட்டு பலகை மாதிரி. கொஞ்ச தூரம் போய் இறங்கினால் எனக்கே இடுப்பு நிமிராது.

வேறு வண்டி இல்லை. அதையே மாற்றினேன். பெட்ரோல் ரேஷனுக்கு டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு குழாயைச் சூடுகாட்டி வளைத்து ஹேண்டிலை உயரமாக வைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் பக்கத்தில் சாய்ந்திருக்கும் அவள் முகத்தைப் பார்த்து ஓட்ட முடியும். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் கொடுத்தேன். பின்னால் துணிமூட்டைக்கும் தண்ணீர்க் கூஜாவுக்கும் ஒரு கம்பித் தட்டு. இடது பக்கம் இன்னொரு சக்கரத்தோடு இரும்புச் சட்டம் அடித்து, குதிரை வண்டியின் வில் ஸ்பிரிங்கை வைத்து, அதன்மேல் பிரம்பு சாய்வு நாற்காலி. அதைக் கொக்கியால் மாட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் கொக்கியை எடுத்து, நாற்காலியின் அடியில் உள்ள வளையங்களில் இரண்டு மூங்கில் கழி நுழைத்தால் அவளை அப்படியே டோலி மாதிரி உள்ளே தூக்கிப் போகலாம். ஏற இறங்கச் சுலபமாக இருக்கட்டும் என்று சட்டத்தைத் தரைக்குச் சமீபமாகத் தாழ்த்தினேன்.

முதல் தடவை அவளை ஏற்றியபோது ஊரே சிரித்தது.

“இன்னா அண்ணாத்தே, ரேஸ் குதிரைக்குத் தூளி கட்டிட்டியா?” என்றான் சோடாக்கடைக்காரன்.

“தூளி இல்ல நைனா, சிம்மாசனம். வழிய உடு” என்றாள் ஞானம்மாள்.

வியாதி வந்தபிறகு அவள் அப்படிப் பேசியது அன்றுதான். அன்றைக்கு வழியில் அவள் பல்லைக் கடிக்கவில்லை. நான் அந்த வண்டியை நம்பினேன். துடைத்துத் துடைத்து வைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. விடாமல் பெய்தது. ஒரு காலையில் அவளைத் தொட்டேன். உடம்பு கொதித்தது. மூச்சு இழுத்தது. காலைக் கிள்ளினேன், தெரியவில்லை என்றாள். அன்றைக்கே வா என்று டாக்டரம்மா சொன்னது இதற்குத்தான்.

நாற்காலிக்கு மேலே தார்ப்பாய் கட்டிக் கிளம்பினேன். பூந்தமல்லி வரை ஒன்றுமில்லை. செம்பரம்பாக்கம் பக்கத்தில், ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் ரோட்டின் தரைப்பாலத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால் அதிகம் இல்லை. இறங்கிவிட்டேன்.

பாதியில் இஞ்சின் இருமிற்று. நின்றது. இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவில் தண்ணீர் போய்விட்டது. தீப்பொறி இல்லை.

வெள்ளம் ஏறியது. பிரம்பு நாற்காலியின் அடியைத் தொட்டது. மாவுக்கட்டு நனைந்தால் கரையும். கரைந்தால் முதுகு அசையும். அவள் சௌகரியத்துக்காக நான் தாழ்த்தி வைத்த சட்டம்.

“ஆண்டவரே, இஞ்சினைக் கிளப்பும்” என்று ஜெபித்தேன். உதைத்தேன். “ஒரு தீப்பொறி தாரும்” என்றேன். உதைத்தேன். என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாக அவருக்குச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. கால் ஓய்ந்தது. ஜெபமும் ஓய்ந்தது. பல மாதத்துக் களைப்பு எல்லாம் அந்தத் தண்ணீரில் என்மேல் ஏறி உட்கார்ந்தது. கடைசியில், “இவள் இருக்கிறாள், ஐயா” என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

வழிகிற தண்ணீரில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆட்கள் அப்போதுதான் எங்களைப் பார்த்தார்கள்.

“மாமே, அங்க பாரு. தண்ணில ஏரோப்பிளேன் எறங்கிகீது!”

“டேய், சிரிக்காத. உள்ள பொம்பள கீறா.”

வலையை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். நாலு பேர். நான் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே கழிகளை நுழைத்துக் கொடுத்தேன். அவர்களில் மூத்தவர், மீசை நரைத்தவர், தோளைக் கொடுக்க வந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

“எத்தினி பேரு கீறோம்? நாலா? வேணாம். உசுரோட கீற பொம்பளய நாலு பேரு தோள்ல தூக்கறதா?”

எனக்கு ஆத்திரம் வந்தது. “ஐயா, நாங்க வேதக்காரங்க. சகுனம் பாக்கமாட்டோம். தூக்குங்க.”

“நீ பாக்காத. தோளு என்னுது, நான் பாப்பேன். அஞ்சாவது ஆளா நீ வா.”

“நான் கைய உட்டா வண்டி பூடும்.”

“போவட்டும்.”

ஞானம்மாள் கண்ணைத் திறந்தாள். “இன்னாங்க, இன்னுமா அந்த ஹேண்டில புடிச்சிகினு கீறீங்க?” என்றாள்.

கொக்கிகளைக் கழற்றினேன். அவர்கள் தோளில் தூக்கினார்கள். கையை விட்டேன். வண்டி சாய்ந்தது, வெள்ளத்தோடு நகர்ந்து, பாலத்து விளிம்பைத் தாண்டி விழுந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. நாற்காலிக்கு அடியில் தலையையும் இரண்டு கையையும் கொடுத்தேன்.

கரைக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு அரித்துப்போயிருந்தது. முன்னால் போனவர்களில் ஒருவன் மார்பளவு பள்ளத்தில் இறங்கிவிட்டான். கழி அவன் தோளிலிருந்து நழுவியது. நாற்காலி அந்தப் பக்கம் சரிந்தது. பாரம் முழுக்க என் தலையில் இறங்கியது. கழுத்து முறிந்தது என்றே நினைத்தேன். நின்றேன். அவன் ஏறி வந்து மறுபடி தோள் கொடுக்கும் வரை நின்றேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. நின்றதுதான்.

மாவுக்கட்டு நனையவில்லை.

அக்கரையில் தண்ணீர் வடியட்டும் என்று ஒரு செங்கல் லாரி காத்திருந்தது. டிரைவர் அவளைப் பார்த்தார். லாரியை வந்த வழியே திருப்பினார். நாற்காலியோடு அவளை மேலே ஏற்றினோம். அன்றைக்கே டாக்டரம்மா சீழை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. வெகுநாள் கழித்துக் கால்விரல் அசைந்தது. டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சபையில் சிலர் என்னைக் கேட்டார்கள், அவிசுவாசியின் சகுனத்துக்குக் கட்டுப்பட்டாயே என்று. நான் சகுனம் பார்ப்பதில்லை. இன்றும் இல்லை. ஆனால் அந்த மனிதர் பார்த்தார். அவர் பார்க்காதிருந்தால் நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். பள்ளத்தில் நாற்காலிக்கு அடியில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். நான் கேட்டது தீப்பொறி. ஆண்டவர் அனுப்பியது மீன் பிடிக்கிறவர்களை. இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. போதகர் ஐயாவைக் கேட்டேன். அவரும் யோசித்துவிட்டு, ஸ்தோத்திரம் பண்ணு என்றார்.

வெள்ளம் வடிந்தபின் அவர்களே வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போட்டிருந்தார்கள். சரிசெய்தேன். சட்டத்தை உயர்த்திவிட்டேன். அவள் ஏறுவதற்கு முக்காலி வைத்திருக்கிறேன். இப்போதும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். எனக்கு அந்த நாளிலிருந்து கழுத்து ஒரு பக்கம் திரும்புவதில்லை. அது கிடக்கட்டும்.

சகோதர சகோதரிகளே, ஜெபிக்கும்போது எந்தத் திருகை முறுக்கவேண்டும் என்று நான் இப்போது அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. கஷ்டத்தைச் சொல்கிறேன். நிறுத்திக்கொள்கிறேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். களைத்துப்போய் வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. அவர் கேட்கிறார். யார் மூலமாகப் பதில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஆள்தானா என்று பார்க்கவேண்டாம்.

அந்த நாலு பேருக்காகவும் ஜெபியுங்கள்.

இதை எழுதும்போது சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் கேட்கிறது. அவள்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று சமைக்கிறாள்.