சட்டைத் துணியில் கட்டிய கதம்பம்

என் கணவர் இறந்து காரியம் முடிந்ததும், தலையில் பூ வைப்பதை விட்டுவிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உடன் வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுப் பால்காய்ப்பில் பூத்தட்டு என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போனது. அது போதுமாக இருந்தது.

கொஞ்ச நாளில் செல்லூரிலிருந்து என் கணவரின் தங்கை வந்தாள். எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் கிடையாது. நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்வதோடு சரி. பீரோவைத் திறந்து, "மதினி, அண்ணன் சட்டையெல்லாம் நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள். ஆபீசுக்குப் போட்ட வெள்ளைச் சட்டைகள், வீட்டில் கட்டிய பச்சை லுங்கி, எல்லாவற்றையும் பையில் திணித்தாள். யாருக்காவது கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் போனபின் வெறும் ஹேங்கர்களைப் பார்த்து அழுதேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டைப்பையோடு வந்தாள். உள்ளே ஒரு போர்வை. ஒட்டுத்துணி வைத்து, நடுவில் பஞ்சு பரப்பி, கையாலேயே தைத்தது. ஓரம் முழுக்கக் கதம்பச் சரம் ஓடியது. வெள்ளைச் சட்டை மல்லியாகியிருந்தது, லுங்கி மரிக்கொழுந்து. இடையிடையே கனகாம்பரம், அது அவளுடைய முகூர்த்தப் பட்டு ரவிக்கை.

"கல்யாண ரவிக்கையவா வெட்டுன?"

"அந்தக் கலர்ல வேற இல்ல மதினி. தலையில வச்சா நாலு பேரு பேசுவாகன்னு நீங்க யோசிக்கிறீக. போத்திக்கிட்டா யாரு கேக்கப் போறா? அண்ணன் சட்டைதான?"

அவளுக்குத் தையல் அவ்வளவாக வராது. செல்போனில் வீடியோ பார்த்துத் தைத்திருக்கிறாள். ஒரு மல்லி அப்படியே முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. சொன்னேன்.

"அம்புட்டு மோசமாவா இருக்கு?" என்றவள் தானும் சிரித்துவிட்டாள். அவர் போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சிரிப்பு அழுகையாக மாற, அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஸ்டாப்பில் ஒரு முழம் மல்லி வாங்கி, பாதியைத் தான் வைத்துக்கொண்டு மீதியை என்னிடம் நீட்டினாள். வைத்துக்கொண்டேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாரேன் மதினி" என்று ஏறிப் போனாள்.

எங்கள் வீடுகளில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அடுத்த ஞாயிறு அவளுக்குப் பிடித்த கறிக்குழம்பை வைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, காலையிலேயே செல்லூருக்குப் போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.