மழைக்குத் திறக்கும் நூலகம்

ஈஸ்வரிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சோற்றைக்கூட நின்றபடியே தின்பாள். வானம் கறுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஏரிக்கரைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். பின்னே என்ன, காலனி இருப்பது பள்ளத்தில். ஏரி வழிந்தால் தண்ணீர் முதலில் நுழைவது அவள் வீட்டில்தான். அப்போதெல்லாம் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குத்தான் சனம் பாயும் குழந்தையுமாக ஓடும். அதன் சாவி எப்போதும் காலனியிலேயே இருந்தது.

பிள்ளைகளெல்லாம் வேனில் ஏறிப் புதுவாயலுக்குப் படிக்கப் போகவே, பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கட்டடம் வீணாகிறதே என்று பஞ்சாயத்தில் அதை நூலகமாக்கிச் சுற்றிலும் பூங்கா வைத்தார்கள். ஊஞ்சலும் நடைபாதையும் வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஈஸ்வரி மட்டும் தலைவர் ஜெயராஜைத் துரத்தித் துரத்தி ஒன்றையே கேட்டாள்: மழை வந்தால் யார் திறப்பார்கள்? சாவி நூலகர் திலகவதியிடம் இருக்கும் என்றார் அவர். திலகவதியோ திருவள்ளூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். அடைமழையில் பஸ் எங்கே வரும்?

நூலகத்தைப் பெருக்கித் துடைக்க ஆள் வேண்டும், காலையில் திறக்கிற வேலையும் அந்த ஆளுக்கே என்று பேச்சு வந்தது. அன்றே ஈஸ்வரி தேர்வாய் கண்டிகைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தாள்; சாவியும் அவள் கைக்கு வந்தது. புருஷன் விமல் பொங்கினான்.

“கம்பெனி பஸ்ஸுல ராணி மாரி போய்க்கினு இருந்த. இப்ப தொடப்பம் தூக்கினு நிக்கப் போறியா?”

“தண்ணி வந்தா உன் ராணிய எங்க குந்த வெப்ப?”



ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததிலிருந்து விடாமல் கொட்டியது. ஏரி தளும்பியது. ஈஸ்வரி யாரையும் கேட்காமல் நூலகத்தைத் திறந்தாள். கைக்குழந்தைக்காரிகளை முதலில் உள்ளே விட்டாள். கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்றினாள். அலமாரிமேல் ஈரத்துணி காயப்போட்ட குப்பம்மாளை ஒரு பிடி பிடித்தாள். சாயங்காலம் மழை விட்டது. ஏரி வழியவே இல்லை. இதற்கா இத்தனை பேஜாரு என்று முணுமுணுத்துக்கொண்டே சனம் மேட்டைவிட்டு இறங்கியது.

மறுநாள் வந்த திலகவதி, சுவரோரமெல்லாம் சேறு அப்பியிருப்பதைப் பார்த்துவிட்டு, லீவு நாளில் யார் திறக்கச் சொன்னது என்று கேட்டாள்.

“யாரும் சொல்லல மேடம். ஏரி தளும்புனா மறுபடியும் தொறப்பேன். வேணாம்னா சாவிய இப்பவே வாங்கிக்கோங்க.”

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. திலகவதி சாவியைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் போனாள். வெளியே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது.

“புக்கு நனைஞ்சா என்னத்தான்க்கா கேப்பாங்க. ஒரு தார்ப்பாய் இருந்தா அலமாரிய மூடிடலாம்,” என்று இழுத்தாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஈஸ்வரி கேட்டைத் தாண்டியிருந்தாள்.